சில நிறங்களில் பல காட்சிகள்

காரைக்குடிக்கு அருகில் ஆத்தங்குடி என்னும் ஊர் உள்ளது. செட்டிநாட்டு மாளிகைகளின் தரையை அழகுசெய்யும் ஆத்தங்குடிக் கற்கள் இவ்வூரிற் பிறந்தவை. தொழிலாளர் கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சினை வைப்பர். அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அச்சை எடுத்தவுடன் பூவும் கொடியும் தோன்றும். நிறங்களோ சில, கோலங்களோ பல.

பழைய கணிப்பொறித் திரையின் ஓவியமும் இத்தகையதே. திரைப்படம் முழுதும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஓர் எண்ணாக வரைகலை அட்டையின் நினைவகம் தாங்கியிருத்தல் வேண்டும். நினைவகம் சிறிதாயின் நிறங்களும் குறையும்.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட சி.ஜி.ஏ. அட்டையில் 16 கிலோபைட்டு நினைவகமே இருந்தது. வரிசைக்கு 320 புள்ளிகளாக 200 வரிசைகள் அமைத்தால் 64,000 புள்ளிகள் ஆகும். புள்ளி ஒன்றுக்கு இரண்டு பிட்டுகளே கிடைக்கும். இரண்டு பிட்டுகளால் நான்கு எண்களையே குறிக்க இயலும். ஆதலின் ஒரு படத்தில் நான்கு நிறங்களே அமைந்தன. புள்ளிகளை இருமடங்காக்கினால் நிறங்கள் இரண்டாகக் குறைந்தன.

1987இல் வந்த வி.ஜி.ஏ. அட்டை, அதே 64,000 புள்ளிகளுக்கு 256 நிறங்களை அளித்தது. அந்த 256 நிறங்களையும் 2,62,144 நிறங்களிலிருந்து விரும்பியவாறு தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்தவற்றை ஒரு நிறப்பட்டியலில் எழுதுவர். புள்ளியோ பட்டியலின் வரிசை எண்ணை மட்டும் தாங்கும். பட்டியலை மாற்றினால், புள்ளிகளைத் தொடாமலே பகற்காட்சி இரவாகும்.

எனினும் இடர் நீங்கவில்லை. மாலை வானின் செம்மைக்கே பல நிறங்களைச் செலவிட்டால், கடலின் நீலத்திற்கு மிஞ்சுவன சிலவே. அப்போது கடல் பட்டை பட்டையாகத் தோன்றும். இதற்கும் ஓர் உபாயம் கண்டனர். இரு நிறப் புள்ளிகளை மாறி மாறி நெருக்கமாக இட்டால், தொலைவிலிருந்து காணும் கண் அவற்றைக் கலந்து மூன்றாம் நிறமாகக் கொள்ளும்.

இக்காலத்தில் புள்ளிக்கு 24 பிட்டுகள் அளிப்பது இயல்பாகிவிட்டது. அதனால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கின்றன. ஆயினும் எல்லா நிறங்களையும் இறைத்துவிடுவதனால் ஓவியம் அழகு பெறுவதில்லை. எந்நிறம் எங்கே வேண்டும் என்று தேர்ந்தறியும் அறிவே கலைக்கு உயிர். ஆத்தங்குடித் தொழிலாளரும் பழைய கணிப்பொறி ஓவியரும் குறைந்த பொருளைக்கொண்டு நிறைந்த அழகைப் படைத்தவர்கள்.