தெருக்கூத்து இசை

தெருக்கூத்து இசை என்பது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில், குறிப்பாக விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில், இரவு முழுவதும் நிகழும் தெருக்கூத்தில் பாடப்படும் பாட்டையும் அதற்கு வாசிக்கப்படும் இசையையும் குறிக்கும். இக்கூத்தில் நடிகரே பாடகரும் ஆவார். இவ்விசை பற்றி இரு கருத்துகள் பரவலாக உள்ளன. பழைய தரம் போய் இன்று சினிமா மெட்டுகளே மிஞ்சியுள்ளன என்பது ஒன்று. இது படிப்பறிவற்ற நாட்டுப்புறத்தாரின் ரசனைக்கு உரியது என்பது மற்றொன்று. முதற்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவது கருத்து இசையைக் கேட்டுச் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை.

பெயரும் மதிப்பும்

"கூத்தாடி", "கூத்தடிக்கிறான்" ஆகிய சொற்கள் இன்றைய பேச்சுத்தமிழில் வசையாகவே வழங்குகின்றன. பழந்தமிழில் நிலைமை வேறு. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் கூத்தராற்றுப்படை என்றும் அழைக்கப்படுகிறது. அதன் தொடக்கத்திலேயே கூத்தர் சுமந்து செல்லும் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் முதலிய கருவிகள் வரிசையாகக் கூறப்படுகின்றன. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்டது ஓய்மாநாடு. அவனுடைய ஊர்களுள் ஒன்றான கிடங்கில், திண்டிவனத்தை ஒட்டியுள்ள இன்றைய கிடங்கல் எனக் கொள்ளப்படுகிறது. வறுமையில் வாடும் பாணனை அவ்வரசன் உணவும் உடையும் தேரும் தந்து போற்றுவதாகப் பாட்டு அமைந்துள்ளது. இன்றைய கூத்து அன்றைய கூத்தின் நேர் வாரிசு என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. எனினும் இதே நிலப்பகுதியில் பாடிப் பிழைப்பவரின் மதிப்பு எப்போதும் தாழ்ந்தே இருக்கவில்லை என்பது புலனாகும்.

பெயரைப் பற்றிய கருத்து வேறுபாடும் உண்டு. "தெரு" என்ற அடைமொழி கலையை இழிவுபடுத்துகிறது எனக் கருதும் கலைஞர்கள், நடிகர் அணியும் மரக்கட்டை அணிகலன்களை அடிப்படையாகக் கொண்டு "கட்டைக்கூத்து" என்னும் பெயரை விரும்புகின்றனர். 1990 இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம் இப்பெயரையே ஏற்றது.

பாடும் முறை

கூத்துப் பாடல்கள் விருத்தம், தரு, கந்தார்த்தம், கொச்சகம் எனப் பல வகைப்படும். இடையே வசனம் வரும். மோகனம், முகாரி முதலிய இராகங்களின் பெயர்கள் கூத்துக் கலைஞர்களிடையே இயல்பாக வழங்குகின்றன. ஆனால் கச்சேரியில் பாடுவதுபோல் இவை விரித்துப் பாடப்படுவதில்லை. சினம், புலம்பல், தருக்கம் என்று அந்தந்தக் கட்டத்தின் உணர்ச்சிக்கு ஏற்பவே பாட்டின் போக்கு அமைகிறது. மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவை முக்கியக் கருவிகளாகும். முகவீணை என்பது வீணை அன்று; சிறிய நாகசுரம் போன்ற ஊதுகருவி.

முதன்முறை கேட்கும் நகரவாசிக்கு இரண்டு குறைகள் தோன்றுவது வழக்கம். ஒன்று, கத்திப் பாடுகிறார்கள். மற்றொன்று, சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். இரண்டிற்கும் காரணம் உண்டு. ஒலிபெருக்கி வருவதற்கு முன் திறந்தவெளியில், மூன்று பக்கமும் அமர்ந்திருக்கும் கூட்டத்தின் கடைசி வரிசை வரை சொல் தெளிவாகச் சென்றாக வேண்டும். மனிதச் செவி ஏறத்தாழ 2000 முதல் 5000 எர்ட்சு வரையிலான அதிர்வெண்களை மிக எளிதில் உணர்கிறது. உச்சக் குரலும் முகவீணையின் கூரிய ஒலியும் இப்பகுதியில் வலுவாக இருப்பதால் தாளவாத்தியங்களை மீறிக் கேட்கின்றன. பொறியியலில் தேர்ச்சி இல்லாமலேயே முன்னோர் கண்ட தீர்வு இது. அடுத்து, நடிகர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடும்போது கனமான கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்த நடிகர் சுழன்றாடவும் மூச்சு வாங்கவும் இடம் கிடைக்கிறது. தொலைவில் இருப்பவர் தவறவிட்ட சொல்லை மறுமுறை கேட்டுக்கொள்ளலாம். கச்சேரிக்குரிய அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் இவையெல்லாம் குறைகளாகவே தெரியும்.

ஆர்மோனியமும் தூய்மை வாதமும்

இன்று "பாரம்பரியக் கூத்து" என்று போற்றப்படுவதில் ஆர்மோனியமும் அடங்கும். ஆனால் அது ஐரோப்பியக் கருவி. 19 ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. கமகங்களைக் காட்ட இயலாதது, இந்திய இசைக்குப் பொருந்தாதது என்று கற்றோர் பலர் அதை எதிர்த்தனர். அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அத்தடை 1971 வரை நீடித்தது. கூத்துக் குழுக்களோ அதனை ஏற்றுக்கொண்டன. இரவு முழுவதும் சுருதியைத் தாங்கிப் பிடிக்க அது உதவியது என்பதே காரணமாக இருக்கலாம். ஒரு காலத்தில் கலப்படம் எனப்பட்டது பின்னர் மரபு ஆகிவிட்டது. இன்று மின்னணு விசைப்பலகையைக் கடிந்துகொள்வோர் இதை நினைவிற் கொள்ளலாம்.

இந்நிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கன்ட்ரி இசை 1920களில் "ஹில்பில்லி", அதாவது மலைக்காட்டுப் பட்டிக்காட்டான் என்ற இளக்காரப் பெயரால் விற்கப்பட்டது. 1949 இல்தான் பில்போர்டு இதழ் தன் பட்டியலுக்குக் கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன் என்னும் பெயரை ஏற்றது. அவ்விசையின் அடையாளமாகக் கருதப்படும் பாஞ்சோ ஆப்பிரிக்க வழித்தோன்றல். ஸ்டீல் கிட்டார் ஹவாயில் தோன்றியது. ஒவ்வொரு தலைமுறையிலும் "உண்மையான கன்ட்ரி செத்துவிட்டது" என்ற புலம்பல் அங்கும் எழுகிறது.

திரைப்பட இசையின் தாக்கம்

1976 இல் வெளிவந்த அன்னக்கிளி படத்தின் பாடல்கள் மூலம் இளையராசா நாட்டுப்புற மெட்டுகளை நகர வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தார். கூத்தை ஏறெடுத்தும் பாராதவர் அப்பாடல்களை விரும்பிக் கேட்டனர். எனவே அவர்கள் வெறுத்தது மெட்டை அன்று என்றே கொள்ள வேண்டியுள்ளது. மறுபுறம், திரை மெட்டுகள் கூத்துக்குள் வந்தன. இவை பெரும்பாலும் கட்டியக்காரன் வாயிலாகவே வருகின்றன. கட்டியக்காரனோ எதையும் கேலி செய்யப் பிறந்த பாத்திரம். அரசனையே நையாண்டி செய்பவன் சினிமாப் பாட்டை விட்டுவைப்பானா என்ன? அவன் பாடும் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, கர்ண மோட்சத்தில் கர்ணன் விடைபெறும் கட்டம் வரை விழித்திராமல் எழுந்து போகிறவர்தான் "எல்லாம் சினிமா ஆகிவிட்டது" என்று முடிவு கட்டுகிறார்.

உண்மையான இழப்புகளும் உள்ளன. முகவீணை வாசிப்போர் அருகிவிட்டதால் பல குழுக்களில் அக்கருவியே இல்லை. விடியும் வரை நடந்த கூத்து, மேடை விழாக்களில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கப்படுகிறது. அப்போது முதலில் வெட்டப்படுபவை நீண்ட விருத்தங்களும் தருக்கப் பாடல்களுமே ஆகும். ஆட்டம் எஞ்சுகிறது, பாட்டு தேய்கிறது. இச்சுருக்கம் கிராமத்தார் கேட்டு வந்ததன்று. நகர மேடையின் நேர அட்டவணைக்காக வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கேட்போர்

திரௌபதியம்மன் கோயில்களில் பங்குனி முதல் ஆடி வரை பாரதவிழா நடைபெறும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் அதே கதையின் கூத்தும் நிகழ்ந்து, படுகளம், தீமிதியோடு விழா நிறைவுறும். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயில் இவ்வழிபாட்டின் மூல இடமாகக் கருதப்படுகிறது. பகலில் செய்யுளும் விளக்கமும் கேட்டவர்களே இரவில் களரியைச் சுற்றி அமர்கின்றனர். கதை தெரிந்தவர்கள் ஆதலால் அவர்கள் எதிர்பார்ப்பது கதையை அன்று, பாடும் விதத்தை. துரோபதை துகிலில் புலம்பல் உருக்கமாக அமையாவிட்டால் முணுமுணுப்பு எழும். இத்தகைய கேட்போரை ரசனையற்றவர் என்பது பொருந்தாது.

ஆனால் இதை ஊர் முழுவதும் ஒன்றாக அமர்ந்து கேட்கும் இசை என்று போற்றுவதும் மிகையாகிவிடும். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி திரௌபதியம்மன் கோயில், பட்டியல் சாதியினர் நுழைவு தொடர்பான மோதலை அடுத்து 2023 சூன் மாதத்தில் வருவாய்த் துறையால் பூட்டி முத்திரையிடப்பட்டது. யார் எங்கே நின்று கேட்கலாம், யார் எந்தக் கருவியைத் தொடலாம் என்பதைச் சாதி நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்துள்ளது. பறை சாவுக்குரிய கருவி என்று ஒதுக்கப்பட்டதற்கும் அதன் ஒலிக்கும் தொடர்பில்லை. 2025 இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும், திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையின் கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.