உறைபனியும் உறுதியான குறியும்

முன்னுரை

துப்பாக்கி என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் முதலில் எழுவது அச்சமே. அவ்வச்சம் இயல்பானது, தேவையானதும் ஆகும். ஆயினும் குறிபார்த்துச் சுடுதல் என்பது கருவியின் ஆற்றலை மட்டும் சார்ந்ததன்று. உடல், மூச்சு, கண், மனம் ஆகிய நான்கையும் ஒரு நொடியில் ஒன்றுகூட்டும் பயிற்சி அது. நம் கல்லூரிகளில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து பாயிண்ட் 22 ரைபிளைக் கையாண்ட மாணவர்கள் இவ்வுண்மையைச் சிறிதளவேனும் உணர்ந்திருப்பர். அமெரிக்க நாட்டில் வார இறுதியின் இரு நாள்களில், உறையும் பனிக்காலத்திலும்கூட, பொதுமக்களுக்கு நடத்தப்பெறும் அத்தகைய பயிற்சி ஒன்றை விளக்குவதும், கடுங்குளிர் அப்பயிற்சிக்கு எவ்வாறு ஆசானாக அமைகின்றது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஆப்பிள்சீட் பயிற்சி

அமெரிக்காவில் 'ஆப்பிள்சீட்' என்னும் பயிற்சித் திட்டம் 2006ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடம் விட்டு இடம் சென்று ஆப்பிள் நாற்றங்கால்களை அமைத்த ஜான் சாப்மன் என்பாரை அந்நாட்டு மக்கள் 'ஜானி ஆப்பிள்சீட்' என அன்புடன் அழைத்தனர். அவர் விதைத்துச் சென்றது போலத் தாமும் ஒரு திறமையை ஊர்தோறும் விதைக்க வேண்டும் என்னும் கருத்தே இப்பெயரில் அமைந்துள்ளது. பயிற்றுவோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். முழுத்தகுதி பெற்ற பயிற்றுநர் சிவப்புத் தொப்பியும், பயிற்றுநராகும் நிலையில் உள்ளோர் ஆரஞ்சு நிறத் தொப்பியும் அணிவர். ஆண், பெண், முதியோர், பெற்றோருடன் வரும் சிறுவர் என எல்லாத் தரப்பினரும் ஒரே வரிசையில் கிடந்து கற்கின்றனர்.

பெரும்பாலோர் கொண்டுவருவது பாயிண்ட் 22 ரைபிளே. அதன் தோட்டா விலை குறைந்தது. சுடும்போது தோளில் விழும் உதையும் மிகக் குறைவு. ஆதலால் தொடக்க நிலையினர் அஞ்சாமல் கற்கலாம். இலக்கு 25 மீட்டர் தொலைவில் வைக்கப்பெறும். அவ்வளவு அருகிலுள்ள இலக்கில் என்ன கற்க இயலும் என்று ஐயுறுதல் வேண்டா. 100, 200, 300, 400 கஜத் தொலைவில் ஒரு மனித உருவம் கண்ணுக்கு எத்துணைச் சிறிதாகத் தோன்றுமோ, அத்துணைச் சிறிதாக உருவங்களைத் தாளில் அச்சிட்டு 25 மீட்டரில் நிறுத்துகின்றனர்.

இதன் கணக்கு எளியது. நம் பழைய வானநூலார் ஒரு பாகையை அறுபது கலைகளாகப் பகுத்தனர். துப்பாக்கிப் பயிற்சியிலும் அளவுகோல் அதே கலைதான். ஒரு கலை அளவு குறி விலகினால் 25 மீட்டரில் தோட்டா ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விலகும். 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர் விலகும். சுட்ட தோட்டாக்கள் யாவும் நான்கு கலைக்குள் அடங்க வேண்டும் என்பதே இப்பயிற்சி வகுத்துள்ள அளவு. அஃதாவது 25 மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான வட்டத்திற்குள் அனைத்தும் விழுதல் வேண்டும்.

நான்கு விதிகள்

பயிற்சியின் முதற்பாடம் சுடுவதன்று, சுடாதிருப்பது. காலையில் ஒரு தோட்டாவேனும் வெடிக்கும் முன்னர் நான்கு விதிகள் கற்பிக்கப்பெறும். துப்பாக்கியின் வாய் எப்போதும் தீங்கற்ற திசையை நோக்கியே இருத்தல் வேண்டும். ஆணை வரும் வரை தோட்டாவை இடுதல் கூடாது. குறி இலக்கில் பொருந்தும் வரை விரல் விசையைத் தீண்டுதல் கூடாது. நான்காவது விதி குறிப்பிடத்தக்கது: தம் அருகில் இருப்போரும் இவ்விதிகளைக் கடைப்பிடிக்கின்றனரா என ஒவ்வொருவரும் காத்தல் வேண்டும். தன்னைக் காப்பது போலவே அயலாரையும் காப்பது கடமை என்பதே இதன் பொருள். இலக்கைப் பார்க்க எவரேனும் முன்னே செல்ல வேண்டுமெனின், எல்லாத் துப்பாக்கிகளிலும் தோட்டா நீக்கப்பெற்று, தோட்டா அறையில் நிறமுள்ள கொடி செருகப்பெற்று, அனைவரும் எழுந்து பின்வாங்கிய பின்னரே ஆணை கிடைக்கும்.

எலும்பே துணை

தொடக்க நிலையினர் செய்யும் பெருந்தவறு துப்பாக்கியைத் தசையின் வலிமையால் பிடிப்பதாகும். தசை களைப்படையும், களைத்த தசை நடுங்கும். எனவே முழங்கையை நிலத்தில் ஊன்றி, எலும்பின் மீது துப்பாக்கியைத் தாங்கி, தோள்வாரை மேற்கையில் இறுக்கிக் கட்டுமாறு கற்பிக்கின்றனர். வார் இறுகியபின் கை தளரலாம், துப்பாக்கி தளராது.

அடுத்தது இயல்பான குறிநிலை. குறிபார்த்தபடி கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, பின்னர்க் கண்ணைத் திறந்தால் துப்பாக்கி எங்கு நோக்குகின்றதோ அதுவே உடலின் இயல்பான குறி. அது இலக்கிலிருந்து விலகி இருந்தால் கையால் இழுத்துத் திருத்துதல் கூடாது. ஊன்றிய முழங்கையை அச்சாகக் கொண்டு முழு உடலையும் நகர்த்துதல் வேண்டும்.

இதன்பின் ஒரு தோட்டாவைச் சுடுவதற்கு ஆறு படிகள் உள்ளன. பின்குறியின் நடுவே முன்குறியை நேர்ப்படுத்துதல் முதற்படி. நேர்ப்பட்ட குறியை இலக்கில் பொருத்துதல் இரண்டாம் படி. மூச்சை வெளியிட்டு, அடுத்த மூச்சுக்கு முன்வரும் இயல்பான இடைவெளியில் நிறுத்துதல் மூன்றாம் படி. கண்ணை முன்குறியிலும், மனத்தை அக்குறி இலக்கை விட்டு நீங்காமையிலும் நிலைநிறுத்துதல் நான்காம் படி. விசையை நேர்பின்னாக மெல்ல அழுத்துதல் ஐந்தாம் படி. தோட்டா சென்ற பின்னரும் விசையை விடாது, அந்நொடியில் குறி எங்கிருந்தது என நினைவிற் பதித்தல் ஆறாம் படி. இறுதிப்படி நேர்மைக்கான பயிற்சியும் ஆகும். தாளைச் சென்று காணுமுன்னரே தன் தோட்டா எங்கு விழுந்தது என்று சொல்லக்கூடியவரே கற்றவராவர்.

தேர்வு

இரண்டு நாளிலும் பலமுறை தேர்வு நடைபெறும். தேர்வுக்கு 40 தோட்டாக்கள். முழு மதிப்பெண் 250. நின்று பத்துத் தோட்டாக்களை இரண்டு நிமிடத்தில் சுடவேண்டும். நின்ற நிலையிலிருந்து அமர்ந்தோ முழந்தாளிட்டோ பத்துத் தோட்டாக்களை 55 நொடியில் சுடவேண்டும். நின்ற நிலையிலிருந்து குப்புறக் கிடந்து பத்துத் தோட்டாக்களை 65 நொடியில் சுடவேண்டும். இறுதியாகக் கிடந்தபடி மிகச்சிறிய உருவங்களின் மீது பத்துத் தோட்டாக்களை ஐந்து நிமிடத்தில் சுடவேண்டும். இப்பகுதிக்கு மதிப்பெண் இருமடங்கு. 210 பெறுவோருக்கு 'ரைபிள்மேன்' என்னும் துணிச்சின்னம் வழங்கப்பெறும். பலர் முதல் வருகையில் அதனைப் பெறுவதில்லை. மீண்டும் வந்து கற்பதில் எவர்க்கும் நாணமும் இல்லை.

குளிர் என்னும் ஆசான்

இனிக் குளிரை நோக்குவோம். அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஜனவரித் திங்களில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 15 பாகை செல்சியஸ் வரை இறங்குவது புதுமையன்று. அதனுடன் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசுமாயின், தோலுக்கு அது சுழிக்குக் கீழே 26 பாகை போல் உறைக்கும். மூக்கு நுனி, காது மடல், விரல் ஆகியன வெளுத்து மரத்துப்போவது பனிக்கடியின் அறிகுறி. ஆகவே ஒருவர் முகத்தை மற்றவர் அடிக்கடி நோக்கிக்கொள்வர். நான்காம் விதி இங்குக் குளிருக்கும் பொருந்துகின்றது.

வெப்ப நாட்டினராகிய நமக்கு நன்மை செய்யும் பருத்தி ஆடை அங்குப் பகையாகும். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னுள் தேக்கி, உடலின் சூட்டைக் கவர்ந்துவிடும். எனவே கம்பளியும், ஈரம் தேக்காத செயற்கை இழை ஆடைகளும் அடுக்கடுக்காக அணியப்பெறும். பனித்தரையில் குப்புறக் கிடப்போர்க்குக் காற்றைவிட நிலமே மிகுதியான சூட்டைப் பறிக்கும். ஆதலால் அடியில் விரிக்கும் தடித்த நுரைப்பாய் இன்றியமையாதது. கையுறை தடித்திருந்தால் விரல் விசையை உணராது. மெலிந்திருந்தால் விரல் மரத்துவிடும். இதனால் மெல்லிய உறையின் மேல் பெரிய உறையை அணிந்து, சுடும் பொழுதில் மட்டும் மேலுறையைக் கழற்றுவர். தடித்த மேலங்கி தோளுக்கும் துப்பாக்கிக்கும் இடையே புகுந்து, பழகிய பிடியின் நீளத்தையே மாற்றிவிடும்.

கருவியும் குளிரால் தாக்குறும். எண்ணெய் தடித்துப் பசைபோலாகி உறுப்புகள் மெதுவாக இயங்கும். ஆகவே பழைய எண்ணெயைத் துடைத்து, மிகச்சிறிதளவே இடுவர். வெடிமருந்தின் விசையும் குளிரில் குறையும். தோட்டாக்களை உட்பையில் உடற்சூட்டில் வைத்திருப்பது இதனால்தான். குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுசென்றால் அதன் மீது நீர் படியும்; மீண்டும் வெளியே எடுத்துவந்தால் அந்நீர் உறைந்து பொறியைப் பூட்டிவிடும். சுழிக்குக் கீழே 20 பாகையில் காற்று, சுழிக்கு மேலே 20 பாகையில் உள்ள காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. நெடுந்தொலைவில் இது தோட்டாவைத் தாழச் செய்யும். 25 மீட்டரிலோ ஒரு பொருட்டன்று. ஆகவே இங்குக் குறி தவறினால் காற்றின் மீது பழிபோட வழியில்லை.

தொலைநோக்கிக் குறியின் கண்ணாடியில் சுடுபவரின் மூச்சே பனிப்படலமாய்ப் படிந்துவிடும். பனியில் குறிபார்ப்பதற்குப் பெயர்பெற்றவர் பின்லாந்தின் சிமோ ஹைஹா (1905–2002) என்னும் உழவர். நாட்டுக் காவற்படையில் துப்பாக்கிப் பயிற்சி பெற்றிருந்த அவர், 1939–40 குளிர்காலப் போரில் கண்ணாடிக் குறியை விடுத்து எளிய இரும்புக் குறியையே கையாண்டார். கண்ணாடி பனிபடிந்து மங்கும்; ஒளிபட்டு மின்னிக் காட்டிக்கொடுக்கும்; தலையை உயர்த்தவும் வைக்கும் என்பன அதற்குக் காரணங்கள். கடுங்குளிரில் எளிமையே நிலைக்கும் என்பதற்கு இது சான்று.

இவையனைத்திலும் தலையாயது நடுக்கம். குளிர்ந்த உடல் சூடு தேடித் தானே நடுங்கும். நல்ல வானிலையில் தசையால் துப்பாக்கியைப் பிடித்து ஓரளவு மதிப்பெண் பெற்றவர் குளிரில் முற்றும் தோற்பார். எலும்பையும் வாரையும் நம்பியவரே நிலைப்பார். கோடையில் மறைந்திருந்த பிழையைக் குளிர் வெளிக்கொணர்கின்றது. அதனைக் கடுமையான ஆனால் நேர்மையான ஆசான் என்பது இக்காரணம் பற்றியே.

வரலாற்றுப் பாடம்

சுடுதலுக்கிடையே 1775 ஏப்ரல் 19-இன் வரலாறு சொல்லப்பெறும். அன்று பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 700 ஆங்கிலேயப் படைவீரர், கான்கார்டு என்னும் ஊரில் குடியேற்ற மக்கள் சேர்த்துவைத்திருந்த படைக்கலங்களைக் கைப்பற்றப் புறப்பட்டனர். விடியற்காலையில் லெக்சிங்டன் ஊர்த்திடலில் ஜான் பார்க்கர் தலைமையில் எழுபதுக்கும் மேற்பட்ட குடிப்படையினர் நின்றனர். எங்கிருந்தோ ஒரு வெடி கிளம்பியது. அதனைச் சுட்டவர் யார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. சில நிமிடங்களில் குடிப்படையினர் எண்மர் மாண்டனர். மாலைக்குள் ஆங்கிலேயர் 73 பேரும் குடியேற்றத்தார் 49 பேரும் உயிரிழந்தனர். எட்டு ஆண்டுப் போர் தொடங்கிவிட்டது.

இவ்வரலாறு வீரக்கதையாகவே பெரிதும் சொல்லப்பெறுகின்றது. ஆயினும் இதனுள் வேறொரு பாடமும் அடங்கியுள்ளது. ஆணையின்றி அழுத்தப்பட்ட ஒரு விசை, இருபுறத்தாரும் திரும்பிச் செல்லும் வழியை அடைத்துவிட்டது. விரல் விசையைத் தீண்டலாகாது என்னும் விதி வெறும் களத்தின் ஒழுங்கன்று; நாடுகளின் ஊழையும் மாற்றவல்லது என்பதற்கு அவ்விடியற்காலை சாட்சியாகும்.

கருவியும் கட்டுப்பாடும்

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பு. துப்பாக்கிகள் மலிந்த நாட்டில் அவற்றைக் கையாளக் கற்பித்தல் நன்மையா, தீமையா? அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். இரண்டு நாள் பயிற்சி இத்துயரைத் தீர்க்கும் என எவரும் கூற இயலாது. சட்டமும் சமுதாயமும் ஆற்ற வேண்டிய பணி பெரிது. குறிதவறாத கை, அறம் தவறாத நெஞ்சுக்கு உறுதியளிப்பதும் இல்லை. எனினும் கருவி பெருகி ஒழுக்கம் அருகும் இடத்தில், கருவியைத் தொடுமுன் அடக்கத்தைக் கற்பிப்போர் தேவைப்படுகின்றனர் என்பதை மறுத்தல் அரிது.

முடிவுரை

குறி தவறும்போது துப்பாக்கியையும் தோட்டாவையும் வானிலையையும் பழிப்பது மனித இயல்பு. உறைபனியில் கிடந்து கற்பவர் அப்பழக்கத்தைக் கைவிட நேர்கின்றது. அருகில் அதே குளிரில், அதே தோட்டாவால், ஒரு பதின்வயதுச் சிறுமி நான்கு கலைக்குள் சுடுவதைக் காணும்போது, சொல்லும் காரணங்கள் யாவும் தாமே உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சுவது தன் மூச்சும், தன் விரலும், தன் பொறுமையும் மட்டுமே.

மாணவர்க்கு இதில் கொள்ளத்தக்க கருத்து ஒன்று உண்டு. எக்கலையாயினும் அதன் அடிப்படையைத் தசைவலிமை போன்ற தற்காலிகத் திறத்தின் மீது அமைத்தால், இடர் வரும் நாளில் அது நடுங்கும். எலும்பு போன்ற உறுதியான பயிற்சியின் மீது அமைத்தால் அது நிற்கும். ஆற்றல் வாய்ந்த எந்தக் கருவியையும் ஏந்துவோர் முதலில் கற்கவேண்டியது எப்போது பயன்படுத்துவது என்பதன்று. எப்போது விரலை விலக்கி வைப்பது என்பதேயாகும்.