வீட்டிலேயே மீன் தொட்டி செய்யலாம்! கரண்டில் மட்டும் உஷார்

சுவாமிமலை:
வண்ண மீன் என்றாலே சென்னை கொளத்தூர்தான். ஆனால் தொட்டியை நம்ம வீட்டிலேயே செய்து விடலாம். 2 அடி நீளம், தலா 1 அடி அகலம், உயரம் என்றால் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அந்த தண்ணீரே 56 கிலோ! ஆடுகிற ஸ்டூலில் வைத்தால் கதை கந்தல்தான். கண்ணாடிகளை சிலிகான் பசையால் ஒட்டி, 2 நாள் காய விட்டு, தண்ணீர் ஊற்றி ஒழுகுதா என்று பார்க்க வேண்டும்.

விளக்குக்கு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை, அடாப்டர் போதும். டைமர் மாட்டி தினமும் 8 மணி நேரம் எரிய விடுங்கள். விடிய விடிய எரிந்தால் பாசி பிடிக்கும், மீனும் வாடும்.

ஒயர் பிளக்கை விட தாழ்வாக தொங்கணும். அப்போதுதான் வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். பிளக்கை பிடுங்கிய பிறகே தொட்டிக்குள் கை வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.