13 கோடி ஆண்டுப் பயணம், 1.7 விநாடி இடைவெளி

ஏதாவது ஒரு வெப்சைட்டுக்கு 'பிங்' கட்டளை கொடுத்துப் பார்த்திருப்பீர்கள். பாக்கெட் போய்வர இத்தனை மில்லிசெகண்ட் என்று விடை வரும். வழி எப்படி இருக்கிறது என்பதை அந்த நேரத்தை வைத்தே ஓரளவு ஊகித்துவிடலாம். விண்வெளி ஆராய்ச்சியிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஆனால் அங்கே நாம் பாக்கெட் அனுப்ப முடியாது. வருவதைப் பிடிக்கத்தான் முடியும்.

2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படி இரண்டு செய்திகள் வந்தன. சுமார் 13 கோடி ஒளி ஆண்டு தொலைவில், என்ஜிசி 4993 என்ற காலக்ஸியில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதின. முதலில் ஈர்ப்பு அலை அமெரிக்காவின் லைகோ கருவிகளுக்கு வந்தது. 1.7 விநாடி கழித்து காமா கதிர்களை பெர்மி சாட்டிலைட் பிடித்தது.

பெர்மியின் சாப்ட்வேர் 14 விநாடியில் அலர்ட் அனுப்பிவிட்டது. லைகோவின் சாப்ட்வேரோ ஹான்போர்டு கருவியின் சிக்னலை மட்டும் காட்டியது. லிவிங்ஸ்டன் கருவியில் அதே சமயம் ஓர் இரைச்சல் குறுக்கிட்டதுதான் காரணம். பிறகு ஆட்கள் உட்கார்ந்து டேட்டாவைப் பார்த்தபோது, அங்கும் சிக்னல் பளிச்சென்று இருந்தது!

சரி, 1.7 விநாடியில் என்ன தெரிகிறது? காமா கதிர்கள் சற்றுத் தாமதமாகவே கிளம்பியிருக்கலாம். அதற்கு 10 விநாடி வரை தள்ளுபடி கொடுத்தாலும், ஒளிக்கும் ஈர்ப்பு அலைக்கும் உள்ள வேக வித்தியாசம் மிக அற்பம். 1-க்குப் பின் 15 சைபர் போட்டு வரும் எண்ணில் மூன்று பங்குதான். ஈர்ப்பு அலையின் வேகம் மாறும் என்று சொன்ன பல கொள்கைகள் அன்றே அடிபட்டுப் போயின.

கூடுதல் பரிமாணங்களுக்கும் இதே மோதல் ஒரு பரீட்சை வைத்தது. ஈர்ப்பு விசை நாம் காணாத பரிமாணங்களுக்குள் கசிந்தால், அலை பலவீனமாகி வந்துசேரும். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டால் காலக்ஸி உள்ள இடத்தைவிட அதிகத் தொலைவு காட்ட வேண்டும். ஆனால் இரண்டு கணக்கும் பொருந்தின. இவ்வளவு தூரத்தில் கசிவு தெரியவில்லை. மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கும் பரிமாணங்களை இந்தச் சோதனை தொடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒளியில் வேகமான ஒளி, மெதுவான ஒளி என்று உண்டா? இதற்கு 2009 மே 10 அன்றே பெர்மி ஒரு பதில் வைத்திருந்தது. 730 கோடி ஒளி ஆண்டு தாண்டி வந்த ஒரு வெடிப்பில், மிக அதிக ஆற்றல் கொண்ட போட்டான் மற்றவற்றுடன் ஒரு விநாடிக்குள் வந்து சேர்ந்தது.

2017 லைகோ டேட்டா இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தான் தெரிந்தவர்கள் டவுன்லோட் செய்து, அந்த லிவிங்ஸ்டன் இரைச்சலை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து பார்க்கலாம்.