நிலவில் விழுந்த இறகு

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கனமான பொருள்தான் முதலில் விழும் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். உடனே 1971இல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் செய்த சோதனையின் காணொளியைப் போட்டுக் காட்டுவேன். ஒரு கையில் 1.32 கிலோ சுத்தியல், மறு கையில் வல்லூறின் இறகு. ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

சுத்தியலின் நிறை எத்தனை மடங்கு அதிகமோ, அத்தனை மடங்கு அதிக விசையோடு நிலவு அதை இழுக்கிறது. ஆனால், நகர மறுத்து அது முரண்டு பிடிப்பதும் அத்தனை மடங்குதானே! விசையை நிறையால் வகுத்தால் கிடைப்பது முடுக்கம். அது இரண்டுக்கும் ஒன்றே. பூமியில் இறகைத் தாமதப்படுத்துவது காற்று.

நம்பாதவர்கள் நோட்டுப் புத்தகத்தின் மேல் சிறு காகிதத் துண்டை வைத்து, கீழே போட்டுப் பாருங்கள்.