சர்வர் வாடகைக்கு, பாஸ்வேர்ட் விதி யார் பொறுப்பு?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் எந்த ஆபீசில் நுழைந்தாலும் இப்போது காட்சி ஒன்றுதான். பியூஸ் கேரியர் செய்கிற யூனிட்டோ, அகல் விளக்கு செய்கிற யூனிட்டோ, டேலி கணக்கு மேஜைக் கணினியில் இல்லை. மாத வாடகைக்கு எடுத்த சர்வரில் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கணக்காளர் உள்ளே போகிறார், வீட்டிலிருந்து முதலாளி மகன் போகிறார், ஆடிட்டர் ஆபீஸ் பையனும் போகிறான். வசதிதான். ஆனால் மூவருக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்ட்: கம்பெனிப் பெயர், பின்னால் 123. மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியும் இருக்கும்.

பாஸ்வேர்ட் பாலிசி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் சர்வர்காரர் பாத்துப்பாரு சார்" என்கிறார் முதலாளி. சர்வர்காரரைக் கேட்டால், "கஸ்டமர் கேட்டா வெச்சுத் தருவோம் சார்" என்கிறார். யாரும் வைக்கவில்லை என்று அர்த்தம்.

திருட வருகிறவன் விருத்தாசலத்தைத் தேடி வருவதில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான 3389 போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று இணையம் முழுக்கத் துழாவும் மென்பொருள்கள் இரவு பகலாக ஓடுகின்றன. திறந்திருந்தால் அட்மினிஸ்ட்ரேட்டர், அக்கவுண்ட்ஸ், டேலி என்று பெயர்களைப் போட்டு, பாஸ்வேர்டை மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கும். பிரிட்டனில் 158 ஆண்டுப் பழமையான கே.என்.பி. என்ற லாரி நிறுவனத்துக்குள் 2023-இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் புகுந்தது. ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டை ஊகித்தே நுழைந்ததாக நம்பப்படுகிறது. நிறுவனம் மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். நம் ஊர் யூனிட்டுக்கு அவ்வளவு பெரிய அடி தேவையில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி 72 மாதம் வைத்திருக்கவேண்டிய கணக்கு ஒரே இரவில் திறக்க முடியாமல் போனாலே போதும்.

சோதித்துப் பார்க்க நிபுணர் வேண்டாம். ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வருக்குள் போய், அங்கே கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'நெட் அக்கவுண்ட்ஸ்' என்று நடுவில் ஒரு ஸ்பேஸ் விட்டு அடியுங்கள். சர்வருக்குள்! தன் மேஜைக் கணினியில் அடித்துவிட்டு "எல்லாம் சரியா இருக்கு" என்று நிம்மதியாகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அது மேஜைக் கணினியின் விதியை மட்டுமே காட்டும். கடைசியில் 'கம்ப்யூட்டர் ரோல்' என்ற வரி வரும். அதில் 'ஒர்க்ஸ்டேஷன்' என்று இருந்தால் தப்பான இடத்தில் அடித்திருக்கிறீர்கள்.

திரையில் இரண்டு வரிகள் முக்கியம். 'மினிமம் பாஸ்வேர்ட் லெங்த்' 0 என்றிருந்தால் எவ்வளவு குட்டையான பாஸ்வேர்டும் செல்லும். 'லாக்அவுட் த்ரெஷோல்ட்' என்பதற்கு எதிரே 'நெவர்' என்றிருந்தால் லட்சம் முறை தப்பாக அடித்தாலும் கணக்கு பூட்டாது. நீளம் 14 எழுத்து, 10 தவறுக்கு 15 நிமிடப் பூட்டு என்று வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை கட்டாயமாக மாற்றும் விதி வேண்டாம். ஜூன்@123 ஜூலை@123 ஆகும், அவ்வளவுதான். குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பரிந்துரையை மைக்ரோசாஃப்டே 2019-இல் கைவிட்டுவிட்டது.

விதியை மாற்றியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். புதிய விதி பழைய பாஸ்வேர்டைத் தொடாது. கம்பெனிப் பெயரும் 123-உம் அப்படியேதான் கிடக்கும், நீங்களாக மாற்றும் வரை. ஆளுக்கொரு யூசர் போட்டு, எல்லாப் பாஸ்வேர்டையும் ஒருமுறை மாற்றுங்கள். 'நெட் யூசர்' என்று அடித்தால் பெயர்ப் பட்டியல் வரும். இரண்டு வருஷம் முன்பு வேலையை விட்டுப்போன கணக்காளர் அதில் இன்னும் இருப்பார். அவர் யூசரை அன்றே முடக்குங்கள்.

லினக்ஸ் சர்வர் என்றால் 'லாகின் டெஃப்ஸ்' கோப்பைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். காலாவதி நாள் பற்றி அதில் எழுதுவது புதிதாகச் சேர்க்கும் யூசருக்கு மட்டுமே பொருந்தும். இருக்கிறவர்களை 'சேஜ்' கட்டளையால் ஒவ்வொருவராகப் பார்க்கவேண்டும். 99999 நாள் என்று காட்டும். 273 வருஷத்துக்கு மேல்!

சர்வர்காரரிடம் போனில் பேசிப் பயனில்லை. மின்னஞ்சலில் கேளுங்கள்: பாஸ்வேர்ட் விதியின் இன்றைய ஸ்கிரீன்ஷாட், 3389 பொதுவில் திறந்திருக்கிறதா, விபிஎன் உண்டா, பேக்கப் எங்கே, கடைசியாக எப்போது எடுத்தது. பதில் வராமல் அடுத்த வருஷ வாடகையைக் கட்டாதீர்கள். ஒன்று, உங்கள் சர்வரை மட்டும் சோதியுங்கள். உரிமையாளர் அனுமதியின்றி அடுத்தவர் சர்வரில் நுழைந்து பார்த்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கட்டவேண்டி வரும். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவின்கீழ் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை.

கோப்புகள் பூட்டிக்கொண்டால் முதலில் செய்கிற தப்பு, பார்மட் அடிப்பது. அடிக்காதீர்கள். நெட்வொர்க்கைத் துண்டித்து, சர்வர்காரரிடம் ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி லாக் இருக்கும். அதில் தோற்றுப்போன நுழைவு முயற்சிகளுக்கு எண் 4625, நுழைந்தவற்றுக்கு 4624. இடம் நிறைந்தால் பழையது அழிந்துவிடும், அதனால் உடனே சேமியுங்கள். மிரட்டல் செய்தியைப் படம் பிடியுங்கள். பார்மட் மட்டும் வேண்டாம்.

கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அங்கே தகவல் தரவேண்டும், எண் 1800-11-4949. வங்கிப் பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து, அந்த ஒப்புகை எண்ணோடு கடலூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு மனு. தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டருக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. அதைக் காட்டி உள்ளூர் நிலையத்தில் "இங்க எடுக்க மாட்டோம்" என்று அலையவிடுவார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதியச் சொல்கிறது. மனுவை இரண்டு பிரதி கொண்டுபோங்கள், சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மனுவோடு லாக் கோப்பைக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணையுங்கள். முதல் பகுதியில் நீங்கள் கையெழுத்து, இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்து, இரண்டிலும் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண். பென்டிரைவில் போட்டு நீட்டினால் ஸ்டேஷனில் வாங்கி வைப்பார்கள். கோர்ட்டில் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.