ஈயம் ஒன்றல்ல, இரண்டு

போன மாதம் வீடியோ காலில் அம்மாவிடம் நான் செய்த முதல் வண்ணக் கண்ணாடியைக் காட்டினேன். ஒரு சின்ன மயிலிறகு. "துண்டு துண்டா இருக்கே, எதை வெச்சுடா ஒட்டின?" என்று கேட்டார். "ஈயம்மா" என்றேன். "அப்ப நல்லதுதான். நம்ம ரசம் வைக்கிற ஈயச் சொம்பு மாதிரி!"

நல்லதில்லை. அந்த ஒரு சொல்லின் குழப்பம்தான் என்னை இதை எழுத வைத்தது.

டொராண்டோவில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. மெக்காஸ்லண்ட் குடும்பம் 1856-ல் இங்கே தொழிலைத் தொடங்கியது. பழைய சிட்டி ஹாலின் பெரிய ஜன்னல் 1899-ல் அவர்கள் செய்தது. கேபேஜ்டவுன் பக்கம் நடந்தால் பழைய வீடுகளின் வாசலுக்கு மேலேகூட வண்ணக் கண்ணாடி மின்னும். நாள் முழுக்க கோடு எழுதுகிற எனக்கு, கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய ஆசை. எட்டு வாரம், சனிக்கிழமை காலை வகுப்பில் சேர்ந்தேன்.

கண்ணாடியை யாரும் 'வெட்டுவதில்லை' என்பதே முதல் பாடம். சின்னச் சக்கரக் கத்தியால் ஒரு கோடு கீறி, இடுக்கியால் அழுத்தினால் கோட்டின் வழியே தானாகப் பிளக்கும். விளிம்பைத் தண்ணீர் ஓடும் கிரைண்டரில் தேய்த்து, செப்பு நாடா சுற்றி, சோல்டரால் இணைக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரையும் மேஜைப் பக்கம் விடவில்லை.

சோல்டரிங் வந்ததும் எனக்குத் தலைக்கனம். கல்லூரி லேபில் பண்ணாததா? புகைதான் ஆபத்து என்று நினைத்து, ஒரு ஃபேன் வாங்கி, ஸ்கார்பரோ அபார்ட்மெண்டில் சாப்பாட்டு மேஜையிலேயே வேலையைத் தொடங்கினேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பு.

ஒரு ஞாயிறு மாலை என் மூன்று வயது மகள் அந்த மேஜையைத் தடவிவிட்டு விரலை வாயில் வைத்தாள். விரல் நுனியில் சாம்பல் நிறக் கறை. பார்த்தது நானில்லை, என் மனைவி. "இது என்னங்க?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரிதான் உட்கார்ந்து படித்தேன். தமிழில் ஈயம் இரண்டு. ரசச் சொம்பு வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். காரீயம் வேறு, அது விஷம். நான் வாங்கிய சோல்டரில் 60 சதவீதம் வெள்ளீயம், 40 சதவீதம் காரீயம். அது சுமார் 190 டிகிரியில் உருகும். காரீயம் ஆவியாகப் பறக்க அதைவிட மிக அதிகச் சூடு வேண்டும். மூக்கில் ஏறும் புகை ஃப்ளக்ஸுடையது. நுரையீரலுக்குக் கெடுதல், அதற்குக் காற்றோட்டம் தேவைதான். ஆனால் காரீயம் உடலுக்குள் போகும் முக்கிய வழி கை, பிறகு வாய். ஃபேன் அதைத் தடுக்காது. உடல் அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கும். குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ரிசல்ட் வரும்வரை வீட்டில் அதிகம் பேச்சில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. அது என் சாமர்த்தியம் அல்ல, அதிர்ஷ்டம்.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வேலை செய்யும் இடத்தில் டீகூட வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் காரீயத்தை எடுக்காது. மேஜையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையும் செருப்பும் தனியாக இருக்கட்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். காரீயம் இல்லாத சோல்டரும் கடையில் கிடைக்கிறது. உருக்கக் கொஞ்சம் கஷ்டம், விலையும் கூடுதல். தனி அறை இல்லாத நம் அபார்ட்மெண்ட் வாழ்க்கைக்கு, வகுப்பு நடக்கும் இடத்திலேயே செய்துவிட்டு வருவது உத்தமம்.

நான் கலையை விடவில்லை. சாப்பாட்டு மேஜையைத்தான் விட்டேன். மயிலிறகு இப்போது மகளின் கை எட்டாத உயரத்தில், ஜன்னலில் தொங்குகிறது. காலை வெயிலில் தரையில் விழும் பச்சை வெளிச்சத்தை அவள் தடவிப் பார்க்கிறாள். அதைத் தொட்டால் கை கழுவ வேண்டியதில்லை.